பெயர்த் தோரணம்: தையல் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. குழந்தையின் அறையில் மாட்டுவதற்குத் துணியில் பெயர் தைப்பது எப்படி? தொண்டியிலிருந்து பாம்பன் வரை இத்தனை பேர் ஆசைப்பட்டிருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதும் இதற்கே. பிளவுஸ் கழுத்தும் சுடிதார் கையும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தையல் வகுப்பு நடத்துவது மண்டபத்தில், இரண்டு பக்கமும் கடல். ஆகவே நான் சொல்லும் முறைகள் எல்லாம் உப்புக் காற்று புகுந்து புறப்படும் வீடுகளை மனதில் வைத்துச் சொல்பவை.

கேள்வி: அக்கா, என் மகனுக்கு எட்டு மாதம். பெயர் முகிலன். படங்களில் முக்கோணக் கொடிகளில் ஆங்கில எழுத்தை வெட்டி வைத்துத் தைத்திருக்கிறார்கள். எனக்குத் தமிழில் வேண்டும். துணியில் எழுத்தை வெட்டிப் பார்த்தால் ‘மு’வின் வாலும் ‘கி’யின் சுழியும் பிய்ந்து போகின்றன. வீட்டில் இருப்பது சாதாரண கால் மிஷின், நேர்த்தையல் மட்டும்தான் வரும். என்ன செய்ய?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள் தங்கச்சி. தமிழ் எழுத்தைத் துணியில் வெட்டவே வேண்டாம்.

நீங்கள் பார்த்த படங்களில் இருப்பவை ஆங்கிலப் பெரிய எழுத்துகள். தடித்த பட்டைகளும் நேர்க்கோடுகளுமாக இருப்பதால் வெட்டி வைக்கத் தோதானவை. நம்முடைய எழுத்து வளைந்து, சுழித்து, ஒரே இழுப்பில் போகிற கோடு. கம்பிக் கோலம் மாதிரி. அதைக் கோடாகவே தைத்தால்தான் அழகு. அதற்கான பொருள் தையல் தெரிந்த எல்லோர் வீட்டிலும் இருக்கிறது: பிளவுஸ் கழுத்துக்கு வைக்கிற கிராஸ் பீஸ்.

துணியை மூலைவாட்டில் மடித்து, ஒரு இஞ்ச் அகலத்துக்கு நாடாக்களாக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மூன்றாக மடித்து இஸ்திரி போட்டால், பிசிறு உள்ளே போய், மூன்றில் ஒரு பங்கு இஞ்ச் அகலத்தில் ஒரு நாடா கிடைக்கும். மூலைவாட்டில் வெட்டியதால் அது இழுத்தால் வரும், வளைத்தால் வளையும். இதையே எழுத்தின் கோட்டின் மேல் படுக்க வைத்து இரண்டு ஓரமும் தைக்கப் போகிறீர்கள். ஜிக்ஜாக் தேவையே இல்லை. உங்கள் கால் மிஷின் தாராளமாகப் போதும்.

இனி கொடி. முக்கோணம் வேண்டாம். ‘மு’வுக்குக் கீழே வால் இறங்குகிறது, முக்கோணமோ அதே இடத்தில்தான் குறுகுகிறது. செவ்வகமே சரி. ஒரு தாளில் மூன்று இஞ்ச் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். எழுத்தின் உடல் அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். மேலே ‘கி’யின் சுழிக்கு ஒன்றரை இஞ்ச், கீழே ‘மு’வின் வாலுக்கு ஒன்றரை இஞ்ச். அதற்கு வெளியே மேலும் கீழும் முக்கால் இஞ்ச் காலி இடம். ஆக, கொடியின் உயரம் ஏழரை இஞ்ச். அகலம் ஏழு. சுற்றிலும் தையலுக்கு அரை இஞ்ச் விட்டு எட்டுக்கு எட்டரையாக வெட்டுங்கள். முகிலன் என்றால் மு, கி, ல, ன் என நான்கு கொடி. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து எட்டுத் துண்டு. 36 இஞ்ச் அகலப் பாப்ளினில் அரை மீட்டர் வாங்கினால் அடங்கிவிடும். எழுத்து நாடாவுக்கு வேறு நிறத்தில் அரை மீட்டர். மூலைவாட்டில் வெட்டுவதால் கொஞ்சம் துணி வீணாகத்தான் செய்யும்.

பெரியவர்கள் கையெழுத்து அழகாக இருந்தால் அவர்களையே தாளில் எழுதச் சொல்லுங்கள். அச்செழுத்தைப் பார்த்து வரைவதைவிட அதில் உயிர் இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: சுழிகளைத் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். ‘கி’யின் மேல் சுழியும் ‘ன’வின் உள்சுழியும் ஒரு இஞ்சுக்குக் குறைந்தால் நாடா திரும்பாமல் புடைத்துக்கொள்ளும்.

தாளிலிருந்து துணிக்குக் கார்பனில் எடுத்துக்கொண்டு, நாடாவைக் கோட்டின் மேல் வைத்துப் பெரிய ஓட்டுத் தையலாகக் கையால் பிடித்துவிடுங்கள். மிஷினில் வைத்த பிறகு வளைவில் எப்போதும் உள்பக்க ஓரத்தை முதலில் தையுங்கள். உள்பக்கம் நீளம் குறைவு. அது அமர்ந்துவிட்டால் வெளிப்பக்க ஓரம் தானே இழுபட்டு விரிந்து சுருக்கமில்லாமல் படியும். மாற்றிச் செய்தால் உள்பக்கம் கொசுவம் வைத்தது போல் நிற்கும், பிரித்துத்தான் தைக்க வேண்டும். கோடு ஒன்றையொன்று தாண்டுகிற இடத்தில் ஒரு நாடாவின் நுனியை இன்னொன்றின் அடியில் செருகுங்கள். திருப்பத்தில் ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போது பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். 14ஆம் நம்பர் ஊசி சரியாக இருக்கும்.

‘ன்’ மேல் இருக்கும் புள்ளிக்குப் பட்டன் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். எட்டு மாதப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். பட்டன், மணி, பாசி எதுவாக இருந்தாலும் பிய்ந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். ஒன்றரை இஞ்ச் வட்டமாக ஒரு துணி வெட்டி, ஓரத்தை மடித்து ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுங்கள். சுருங்கி ஒரு குட்டி வட்டமாக வரும். அதை அமுக்கிச் சுற்றிலும் தைத்துவிட்டால் அழகான புள்ளி.

நான்கு கொடியையும் கோக்கிற பட்டியில் மட்டும் கிராஸ் பீஸைத் தொடாதீர்கள். எழுத்துக்கு உதவிய அதே இழுவை இங்கே கெடுக்கும். தொங்கத் தொங்க நீண்டு, நடுவில் தொய்ந்துவிடும். பட்டியை நேர் இழையில், இரண்டு இஞ்ச் அகலத்தில் வெட்டி நான்காக மடியுங்கள். கொடிகள் 28 இஞ்ச், நடுவே ஒன்றரை இஞ்சாக மூன்று இடைவெளி, இரண்டு முனையிலும் கட்டுவதற்கு ஓர் அடி. மொத்தம் ஐம்பத்தாறரை இஞ்ச் வரும். மாட்டும்போது தொட்டில் கம்பியிலோ தூளிக் கயிற்றிலோ கட்டாதீர்கள். கட்டிலில் ஏறி நின்று கை நீட்டினாலும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், சுவரில் மட்டும்.

பெயரில் கொ, கோ, கௌ போன்ற எழுத்து உள்ளவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. கொம்பையும் காலையும் தனித்தனிக் கொடியாக்க வேண்டாம். மூன்றும் சேர்ந்ததுதான் ஓர் எழுத்து. அந்தக் கொடியை மட்டும் ஒன்பது இஞ்ச் அகலமாக வெட்டிக்கொள்ளுங்கள். உயரம் ஒன்றாக இருக்க வேண்டும், அகலம் மாறினால் பரவாயில்லை. இந்தத் தோரணத்தைப் பார்த்துத்தான் பிள்ளை தன் பெயரின் எழுத்துகளை முதன்முதலாகக் கண்ணால் பழகப் போகிறது. அதில் எழுத்து உடைந்திருக்கக் கூடாது என்பதில் நான் ரொம்பவே கண்டிப்பு.

கேள்வி: தைக்க நேரமில்லை. துணி எழுத்துகளைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் என்ன?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: நிற்காது. சித்திரை வெயிலில் சூட்டுப் பசை இளகும், ஐப்பசி ஈரத்தில் மாவுப் பசை பூசணம் பிடிக்கும். துவைக்கவும் முடியாது. நேரம்தான் சிக்கல் என்றால் பெயர் முழுவதும் வேண்டாம், முதல் எழுத்தை மட்டும் பெரிதாக ஒரே கொடியில் தைத்து மாட்டுங்கள். ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: மாமியார் கட்டிய பழைய நூல் புடவை, கணவரின் கைலி, மகள் பிறந்ததும் போட்ட பனியன் துணிச் சட்டை, என் கல்யாணப் பட்டில் ஒரு துண்டு. இத்தனையும் சேர்த்து மகளுக்குப் பெயர் தைக்க ஆசை. சேருமா?
– ஒரு வாசகி, ராமேஸ்வரம்

பதில்: இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கடையில் புதுத் துணி வாங்கித் தைப்பதைவிட இதுதான் நல்லது என்பேன். ஆனால் நான்கும் நான்கு குணம். ஒவ்வொன்றுக்கும் தனி வழி வேண்டும்.

நூல் புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உட்கார்ந்து எழுந்த இடமும் கொசுவ மடிப்பும் நைந்து, இழை விலகித் தெரியும். அதை விட்டுவிடுங்கள். இடுப்பில் உள்ளே சுற்றுகிற முதல் சுற்று பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். கொடிகளை அங்கே வெட்டுங்கள். புடவையின் கரையை வீணாக்காதீர்கள். கரை பாவு இழையோடு நீளவாக்கில் ஓடுவது. இழுத்தாலும் நீளாது. கொடிகளைக் கோக்கிற பட்டிக்கு அதைவிட நல்லது கிடையாது. நம் மாவட்டத்திலேயே பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும் நெய்கிற நூல் புடவைகள் உண்டே, அப்படி ஒன்றாக இருந்தால் கரை இன்னும் அழகாக விழும். புடவைத் துணி மெல்லிசாக இருந்தால் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் காடாத் துணி ஒரு அடுக்கு வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் தையல் எல்லாம் நிழலாக முன்னால் தெரியும்.

கைலியின் கட்டம் கொடிக்கு வேண்டாம். கட்டத்தின் மேல் எழுத்து வைத்தால் எழுத்து தெரியாது. அதை மூலைவாட்டில் வெட்டி எழுத்து நாடாவாக்குங்கள். கட்டம் சாய்ந்து, நாடா முழுவதும் வரி வரியாக வரும். வெளிர் நிறப் புடவையின் மேல் அது எடுப்பாகத் தெரியும்.

பனியன் துணியை அப்படியே வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும், தைக்கும்போது அலை அலையாக நீளும். வெட்டுவதற்கு முன் பின்னால் ஒட்டு கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள், பிறகு பாப்ளின் போல நடந்துகொள்ளும். ஆனாலும் ஒரு வேண்டுகோள்: மகளின் முதல் சட்டையைத் துண்டு துண்டாக்க வேண்டாம். சட்டையை முழுசாகப் பெட்டியில் வையுங்கள். கீழ் மடிப்பைப் பிரித்தால் ஒரு கீற்றுத் துணி கிடைக்கும். எழுத்தின் புள்ளிக்கு அது போதும்.

பட்டைத்தான் யோசிக்கிறேன். மற்ற மூன்றும் சோப்புத் தண்ணீரைத் தாங்கும், பட்டு தாங்காது. சாயமும் விட்டால் வெளிர்ப் புடவை கெட்டது. எனவே பட்டைத் தோரணத்தில் தைக்காமல், பட்டியின் இரு முனையிலும் கட்டித் தொங்கவிடும் குஞ்சமாகச் செய்யுங்கள். துவைக்கும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம். பழைய துணிகளோடு புது லைனிங் ஏதாவது சேர்த்தால் அதை முதலில் நனைத்துக் காயவையுங்கள். பழையது சுருங்கி முடித்துவிட்டது, புதியது இனிமேல்தான் சுருங்கும். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே கொடி கோணிக்கொள்ளும்.

கேள்வி: என் பேத்தி துபாயில் பிறந்திருக்கிறாள். பெயர் ஆயிஷா. ஒவ்வொரு கொடியிலும் ஒரு பக்கம் தமிழ் எழுத்து, மறுபக்கம் அரபு எழுத்து என்று தைத்து பார்சலில் அனுப்பலாமா?
– ஒரு பாட்டி, கீழக்கரை

பதில்: பேத்திக்கு என் வாழ்த்துகள் அம்மா. தமிழில் ஆ, யி, ஷா என மூன்று கொடி, கச்சிதமாக இருக்கும். அரபியில் அந்த வழி சரிவராது. அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பவை. கொடிக்கு ஒன்றாகப் பிரித்தால் பெயர் பெயராக இருக்காது. எழுதும் திசையும் வலமிருந்து இடம். ஒவ்வொரு கொடியாகத் திருப்பிப் பார்க்கிறவருக்கு வரிசை குழம்பும்.

அதனால் இரண்டாகச் செய்யுங்கள். மேலே தமிழில் மூன்று கொடித் தோரணம். அதற்குக் கீழே தோரணத்தின் நீளத்துக்கு ஒரே பட்டைத் துணி. அதில் அரபியில் பெயர் முழுவதும் ஒன்றாக. கையெழுத்து நன்றாக உள்ள ஒருவரிடம், உங்கள் ஊரில் அப்படிப் பலர் இருப்பார்கள், பெரிதாக எழுதி வாங்கி அதன் மேலேயே நாடா வையுங்கள். ஆயிஷாவில் அலிஃபுக்குப் பிறகு இயல்பாகவே ஓர் இடைவெளி விழும். விட்டுப்போனதோ என்று நினைத்து இணைத்துவிடாதீர்கள். ஷீனுக்கு மேலே மூன்று புள்ளி, கடைசி எழுத்துக்கு மேலே இரண்டு. தைத்து முடிக்கும் முன், ஓட்டுத் தையலில் இருக்கும்போதே எழுதித் தந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பார்சலுக்குக் கம்பு, வளையம் எதுவும் வைக்க வேண்டாம். நன்றாக வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, சூடு ஆறிய பிறகு சுருட்டுங்கள். மடித்தால் மடிப்புக் கோடு எழுத்தின் மேலேயே விழும்.

கேள்வி: அக்கா, நான் விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வீட்டில்தான் இருப்பேன். மூன்று வயது மகள் கயல்விழிக்கு என் கையாலேயே பெயர் தைத்து மாட்ட வேண்டும். மிஷின் தெரியாது. கிழிந்த வலையைச் சரிசெய்யத் தெரியும். கொடிகளை வலை நூலில் கோக்கலாமா? பழைய வலையில் ஒரு துண்டை அலங்காரத்துக்கு வைக்கலாமா?
– ஒரு தந்தை, தொண்டி

பதில்: தம்பி, வலையைச் சரிசெய்கிற கைக்கு இது பெரிய வேலையே இல்லை. கண் ஒரே அளவில் வரவேண்டும் என்ற பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. தையலில் பாதி அதுதான்.

வலை நூல் வேண்டாம். உங்கள் வேலைக்கு அது எதற்காக நல்லதோ அதற்காகவேதான் வேண்டாம் என்கிறேன். அறாது. மூன்று வயதுப் பிள்ளை ஸ்டூலில் ஏறி இழுத்து, கழுத்திலோ விரலிலோ சுற்றிக்கொண்டால் நைலான் விட்டுக்கொடுக்காது. அகலமான துணிப் பட்டியில் கோத்து, கையால் இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். பழைய வலையும் அப்படித்தான். கண்ணுக்குள் பிஞ்சு விரல் மாட்டும். எத்தனை அலசினாலும் உப்பும் கவிச்சியும் முழுசாகப் போகாது.

வலைக்குப் பதில் கயல் வையுங்களேன். க, ய, ல், வி, ழி என ஐந்து கொடி. நடுவே வரும் நான்கு இடைவெளியிலும் துணியில் ஒரு மீன். உங்களுக்கு மீன் வரைய யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பார்த்த மீனை வரையுங்கள். பாறை மீனா, விளை மீனா, ஊளியா என்று உங்கள் மகள் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். இரண்டு துண்டுகளை உள்புறம் வெளியே இருக்கும்படி வைத்துச் சுற்றிலும் சின்னப் பின்தையல் போட்டு, வாலருகே இரண்டு விரல் இடம் விட்டுத் திருப்பி, துணித் துணுக்குகளை அடைத்து மூடுங்கள். கண்ணுக்குக் கறுப்பு நூலில் நான்கைந்து தையல் போதும்.

எழுத்து நாடாவை நீங்கள் ஹெம்மிங் தையலில் கையாலேயே பிடிக்கலாம். தங்கச்சிமடத்துத் தாய்க்குச் சொன்ன அதே முறை. ‘ழி’க்கு மட்டும் கொடியைக் கொஞ்சம் அகலமாக வெட்டுங்கள். ‘ழ’வுக்குக் கீழே இறங்கும் பகுதியும் மேலே ஏறும் சுழியும் சேர்ந்து இடம் கேட்கும்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. அவன் பெயருக்குக் கீழே பாம்பன் பாலமும் ரயிலும் வேண்டும் என்று அடம். எனக்குப் படம் வரைய வராது.
– ஒரு தாய், பாம்பன்

பதில்: முதலில் அவனிடம் எந்தப் பாலம் என்று கேளுங்கள். 1914இல் திறந்த பழைய பாலமா, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமா? இரண்டும் திறக்கிற விதம் வேறு. பழையதில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் மேலே எழும்பியது. புதியதில் 72.5 மீட்டர் நீளமான நடுத்துண்டு மட்டமாக அப்படியே மேலே போகும். தைக்க எளிது புதியது. எல்லாமே செவ்வகம். படம் வரையத் தெரிய வேண்டியதே இல்லை.

நீலத் துணியில் 24க்கு 9 இஞ்சில் ஒரு பட்டை. நடுவே ஐந்து இஞ்ச் இடைவெளி விட்டு, சாம்பல் துணியில் ஆறு இஞ்ச் உயரத்துக்கு இரண்டு கோபுரம். இரு பக்கமும் தண்டவாளத்துக்கு ஒரு நீளப் பட்டை, கீழே தூண்களுக்குச் சின்னப் பட்டைகள். நடுத்துண்டை மட்டும் பட்டையோடு தைக்காமல் தனியாகச் செய்யுங்கள். இரண்டு துணிக்கு நடுவே கேன்வாஸ் வைத்து, கோபுரங்களைத் தொடும்படி ஆறரை இஞ்ச் நீளம். அதன் பின்னால் இரு முனையிலும் வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம். கோபுரங்களில் தண்டவாள உயரத்தில் ஒன்று, மேலே ஒன்று என மெத்துப் பக்கம். மகன் தானே பாலத்தைத் தூக்கிக் கப்பலை விடுவான், இறக்கி ரயிலை விடுவான். அவன் கைபடுவதற்கென்றே தைப்பதால் இந்தப் பட்டையை அவன் நெஞ்சு உயரத்தில் தனியாக மாட்டுங்கள். கயிறு வேண்டாம். மேல் ஓரத்தில் குழல் மாதிரி மடித்துத் தைத்து ஒரு கம்பைச் செருகினால் போதும். பெயர்த் தோரணம் அதற்கு மேலே எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

உங்கள் ஊரில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் திறந்திருந்தால் தோரணம் சுவரில் நிற்காது, படபடத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கொடியின் கீழ் ஓரத்திலும் காடாத் துணியை நான்காக மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிடுங்கள். அந்தக் கனம் பிடித்து நிறுத்தும். சிலர் இரும்பு வளையம் வைக்கிறார்கள். வேண்டாம், துரு.

கேள்வி: கல்லூரி விடுதியில் இருக்கிறேன். அக்கா குழந்தைக்குக் கையெம்ப்ராய்டரியில் பெயர் போட எந்தத் தையல் நல்லது?
– ஒரு மாணவி, ராமநாதபுரம்

பதில்: சங்கிலித் தையல். வளைவுக்கு வளைந்து கொடுக்கும், கோடு நல்ல தடிமனாகவும் தெரியும். எம்ப்ராய்டரி நூல் ஆறு இழையாக வரும். தூரத்திலிருந்து பார்க்கிற பெயர் என்பதால் பிரிக்காமல் ஆறையும் சேர்த்தே கோத்துக்கொள். வளைவில் தையலைச் சின்னதாக்கு, நேரில் கொஞ்சம் நீட்டு. ஒரு கண்டில் 8 மீட்டர்தான் இருக்கும், சங்கிலித் தையல் நூலைக் குடிக்கும். எனவே தொடங்கும் முன்பே இரண்டு மூன்று கண்டு, ஒரே நிற எண் பார்த்து வாங்கிவிடு. பாதியில் தீர்ந்து வேறு எண் வாங்கினால் பெயரில் ஒரு எழுத்து ஒரு நிறம், அடுத்த எழுத்து ஒரு நிறம் ஆகிவிடும்.

கேள்வி: சென்ற ஆண்டு தைத்து மாட்டினேன். மழைக்காலம் முடிவதற்குள் மேல் பட்டியில் பழுப்புப் புள்ளிகள், கீழே கறுப்புப் புள்ளிகள். சுவரில் ஒட்டிய கொக்கிகளும் விழுந்துவிட்டன. என்ன செய்வது?
– ஒரு வாசகி, புதுமடம்

பதில்: பழுப்பு துரு, கறுப்பு பூசணம். இரண்டும் வேறு வேறு வியாதி.

மேல் பட்டியில் உலோக வளையமோ குண்டூசியோ சேஃப்டி பின்னோ வைத்திருப்பீர்கள். உப்புக் காற்றில் ஒரே இரவு துணியில் விட்ட குண்டூசிகூடக் கறை வைக்கும். வெள்ளைத் துணி என்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசினால் போகும். நிறத் துணியில் இதையே செய்தால் நிறமும் சேர்ந்து வெளுக்கலாம், மறைவான ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். வளையம் இருக்கும் இடத்தில் துணிக் காது தைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மிஷினுக்கும் இதே எதிரிதான். தைத்து முடித்ததும் துடைத்து, மிஷின் எண்ணெய் விட்டு, மூடி வையுங்கள். அவசரத்துக்குக் கூடத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளானால் பிசினாகி மிஷின் இறுகிவிடும்.

பூசணம் ஈரத்தால் வருவது. அந்த ஈரத்துக்கு நம் தண்ணீரும் காரணம். உவர் தண்ணீரில் அலசிக் காயவைத்த துணியில் உப்பு தங்கும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காய்ந்த துணியைத் தொட்டால் பிசுபிசு என்று இருக்கிறது அல்லவா, அதுதான். எந்தத் தண்ணீரில் துவைத்தாலும் கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்கிற நல்ல தண்ணீர் ஒரு வாளி. இப்போதைக்குத் தோரணத்தை வெளியே கொண்டுபோய் உலரவைத்து, பிரஷ்ஷால் தட்டி, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, நன்றாக வெயில் காட்டுங்கள். கார்த்திகை மாதத்தில் மட்டும் கழற்றி உள்ளே வைத்தாலும் தப்பில்லை.

சுவரில் உப்புப் பூத்துப் பொரிகிற வீட்டில் ஒட்டுக் கொக்கி எதுவும் பிடிக்காது. ஒட்டுவது சுவரை இல்லை, அந்த உப்புப் பொடியை. தோரணத்தின் நீளத்துக்கு ஒரு மூங்கில் கம்பு எடுத்து, பட்டியின் பின்னால் துணிக் காதுகள் தைத்துக் கோத்து, கம்பைச் சுவரிலிருந்து அரை இஞ்ச் தள்ளி இரண்டு மரக்கட்டைகளின் மேல் உட்கார வையுங்கள். பின்னால் காற்று ஓடினால் துணி சுவரின் ஈரத்தைக் குடிக்காது. மேற்கு வெயில் நேராக விழும் சுவராக இருந்தால் சிவப்பும் கருநீலமும் சீக்கிரம் வெளிறும், எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அக்கம்பக்கத்தில் எல்லோரும் தைத்துத் தரச் சொல்கிறார்கள். என்ன விலை வைப்பது?
– ஒரு வாசகி, உச்சிப்புளி

பதில்: ஒரு பெயருக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள். ‘கவி’க்கும் ‘சண்முகப்பிரியா’வுக்கும் ஒரே விலை என்றால் உழைப்பு உங்கள் தலையில் விழும். எழுத்துக்கு இவ்வளவு என்று வையுங்கள். ஒரு கொடி தைத்து, துணி, நூல், கேன்வாஸ் செலவை எழுதுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் எழுதுங்கள். அதே நேரத்தில் பிளவுஸ் தைத்திருந்தால் உங்களுக்கு என்ன கூலி கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாமல் சேருங்கள். தெரிந்தவர்கள் என்று கூலியை விட்டுக்கொடுத்தால் அடுத்து வருகிறவரும் அதையே கேட்பார். விட்டுக்கொடுக்க மனம் இருந்தால் ஒரு மீனோ பூவோ கூடுதலாகத் தைத்துக் கொடுங்கள்.

பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள், பெயர் தைத்ததை வேறு யாருக்கும் விற்க முடியாது. துணியை வெட்டும் முன் பெற்றோர் கையாலேயே பெயரைத் தாளில் எழுதி வாங்கிக் கையெழுத்தும் போடச் சொல்லுங்கள். போனில் கேட்டு எழுதாதீர்கள். ‘பிரியா’வா ‘ப்ரியா’வா, நடுவில் ‘ப்’ உண்டா, ‘ன’வா ‘ண’வா, ‘ர’வா ‘ற’வா என்பது ஒவ்வொரு வீட்டிலும் வேறு. பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி தைக்கவா, வீட்டில் எழுதுகிறபடி தைக்கவா என்றும் அப்போதே கேட்டு, அதையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.